ஆன்லைன் தெரபி முடிந்து லேப்டாப்பை மூடியதும் வரும் தனிமை

கோவில்பட்டிக்காரன்:
புனேயில் தனியாக இருக்கிறேன், வேலையும் வீட்டிலிருந்தேதான். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மூன்று மாதமாக ஆன்லைனில் தெரபி போகிறது. மனச்சோர்வை அளக்க பிஎச்க்யூ-9 என்று ஒன்பது கேள்வி கேட்பார்களே, அதில் 17 இருந்தது 8-க்கு இறங்கிவிட்டது. தூக்கமும் பரவாயில்லை. ஆனால் வியாழக்கிழமை பேசி முடித்து லேப்டாப்பை மூடினால் ஃபேன் சத்தம் மட்டும்தான். அடுத்த வியாழன் வரை நேரில் முகம் பார்த்துப் பேச ஒருவரும் இல்லை. இதைத் தெரபிஸ்டிடம் சொன்னால் அவரைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று சொல்லாமலே இருக்கிறேன். யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா?

மழைக்காலம்:
தம்பி, முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். அந்த ஒன்பது கேள்வியிலும் சரி, பதற்றத்துக்கான ஏழு கேள்வியிலும் சரி, தனிமையைப் பற்றி ஒன்றுகூடக் கிடையாது. நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் அவருக்குத் தெரிவது அந்த 8 மட்டும்தான். நானும் நான்கு மாதம் மறைத்தேன். "நேற்று மதியம் யாரோடு சாப்பிட்டீர்கள்?" என்று என் தெரபிஸ்ட் அவராகக் கேட்ட அன்றுதான் உடைந்து அழுதேன், சிகிச்சையே அதற்கப்புறம்தான் வேறு பாதையில் போனது.

வைகைக்கரை:
மனநலத் துறையில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். தனிமையை அளக்கத் தனியாக 20 கேள்வி கொண்ட அளவுகோல் 1978-லேயே வந்துவிட்டது, 2004-ல் அதை மூன்று கேள்வியாகவும் சுருக்கினார்கள், அதைக் கேட்கச் சொல்லுங்கள். "வெளியே போய் நாலு பேரோடு பழகு" என்று எல்லோரும் சொல்வார்கள், அது மட்டும் போதாது. தனிமைக்கான சிகிச்சைகளை ஒப்பிட்ட 2011 ஆய்வில், "என்னை யாருக்கும் பிடிக்காது, கூப்பிட்டால் தொந்தரவாக நினைப்பார்கள்" என்கிற எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் முறைக்குத்தான் கூடுதல் பலன் தெரிந்தது. பதற்றத்துக்கு, மனதில் ஓடும் எண்ணத்தை எழுதிச் சரிபார்க்கத் தெரபியில் ஒரு எண்ணக் குறிப்பேடு வைக்கச் சொல்வார்களே, அதில் இதையும் எழுதலாம். தெரபிஸ்ட் தரும் வாரப் பயிற்சியில் ஒன்றாவது இன்னொரு ஆளோடு செய்வதாக இருக்கட்டும். இரவில் தாங்க முடியாமல் போனால் வியாழன் வரை காத்திருக்காதீர்கள், அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

கோவில்பட்டிக்காரன்:
நன்றி அக்கா, நன்றி சார். குறிப்பேட்டில் எழுதினேன்: "இரண்டு வருடமாகப் பேசாத நண்பனை இப்போது கூப்பிட்டால் காரியத்துக்காக என்று நினைப்பான்." எழுதிவிட்டு அப்படியே கூப்பிட்டேன். அவன் எடுத்ததும் கேட்டது, "டேய், நம்பர் மாத்திட்டியோன்னு நினைச்சேன்." 40 நிமிடம் பேசினோம். வியாழக்கிழமை தெரபிஸ்டிடம் இங்கிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன்.