விழாத நிழலும் கணக்கில் வரும்

நட்சத்திர மறைப்பை நேரில் பார்த்தவர்கள் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். வானில் ஒரு பொருள் நட்சத்திரத்துக்குக் குறுக்கே வந்து அதைக் கொஞ்ச நேரம் மறைப்பதுதான் அது. அப்போது அந்தப் பொருளின் நிழல் பூமியில் ஒரு பட்டையாக ஓடும்; அந்தப் பாதையில் நிற்பவர்களுக்கு மட்டுமே நட்சத்திரம் மறையும். என் எட்டு அங்குலத் தொலைநோக்கியில் சிக்கியது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் ஒரு சிறுகோள்தான். நெப்டியூனுக்கு அப்பால் உள்ளவை இன்னும் சிக்கவில்லை. ஆனாலும் வேலை எல்லாவற்றுக்கும் ஒன்றே: கல் நம் கண்ணுக்குத் தெரியாது, அது மறைக்கும் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆலங்காயம் பக்கம் மச்சானின் மாந்தோப்பில் நான். நிழல் பாதைக்குக் குறுக்கே கொஞ்ச தூரம் தள்ளி, கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன், தனிக் கருவியோடு. லேப்டாப் திரையில் இரண்டு புள்ளிகள்: மறையவேண்டிய நட்சத்திரமும், ஒப்பிட இன்னொன்றும். ஜிபிஎஸ் நேரம் ஒவ்வொரு ஃபிரேமிலும் பதிவாகிக்கொண்டிருந்தது. ஒரு ஃபிரேமில் நட்சத்திரம் இருந்தது, அடுத்ததில் இல்லை. மங்கவே இல்லை. பக்கத்துப் புள்ளி அசையாமல் நின்றதால் மேகம் என்ற சந்தேகமும் போனது. சில விநாடிகளில் அதே வேகத்தில் திரும்ப வந்துவிட்டது. உடனே போன் போட்டேன்.

"விழுந்துச்சாடா?"

"இல்லண்ணா. எனக்கு ஒண்ணுமே ஆகல."

குரலே செத்துப்போயிருந்தது. உண்மையில் அவன் பதிவு இல்லாமல் என் பதிவு பாதிதான். நட்சத்திரம் மறைந்திருந்த நேரத்தை நிழலின் வேகத்தோடு பெருக்கினால் சிறுகோளின் குறுக்கே ஒரு கோடு கிடைக்கும். ஒரு கோட்டை வைத்து எவ்வளவு பெரிய வட்டமும் வரையலாம். 'இங்கே விழவில்லை' என்று ஒருவன் சொன்னால்தான் அந்தப் பக்கம் எல்லை கட்ட முடியும்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் அர்ஜென்டினாவில் நடந்தது. சூரியனிலிருந்து சுமார் 650 கோடி கி.மீ. தள்ளி இருக்கிற, இன்று அரோகோத் என்று பெயர் பெற்ற சிறு பொருளுக்கு நாசாவின் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் போய்க்கொண்டிருந்த சமயம். 2017 ஜூன் 3 அன்று அர்ஜென்டினாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வரிசையாக நின்ற குழுக்களுக்கு நிழல் சிக்கவே இல்லை. ஜூலை 17 அன்று படகோனியாவில், கோமோதோரோ ரிவாதாவியா ஊர்ப் பக்கம், 24 தொலைநோக்கிகள். அங்கே காற்று ஆளைத் தள்ளும். ஊர்க்காரர்கள் லாரிகளைக் குறுக்கே நிறுத்தித் தடுப்பு கட்டினார்கள், தெருவிளக்கை அணைத்தார்கள், முகப்பு விளக்கு வெளிச்சம் படாமலிருக்க நெடுஞ்சாலையையே இரண்டு மணி நேரம் மூடினார்கள். (நம்ம ஊரில் பக்கத்துத் தோட்டத்துக் குழல்விளக்கை அணைக்கச் சொல்லி நான் பட்டது தனிக்கதை.) ஐந்தில்தான் நட்சத்திரம் மறைந்தது, அதுவும் ஒரு விநாடிக்கும் குறைவாக. மற்ற 19 பேர் சும்மா குளிரில் நின்றார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இரண்டு உருண்டைகள் ஒட்டிய வடிவமாக இருக்கலாம் என்ற ஊகம் அந்த ராத்திரிக் கணக்கில் வலுத்தது. 2019 ஜனவரி 1 அன்று விண்கலம் அருகே போனபோது அப்படியேதான் இருந்தது.

வளிமண்டலம் இருந்தால் கதையே வேறு. 1988 ஜூன் 9 அன்று புளூட்டோ மறைத்த நட்சத்திரம் சட்டென்று போகாமல் படிப்படியாக மங்கியது. அங்கே மெல்லிய காற்று உண்டு என்பது அப்படித்தான் உறுதியானது.

பதிவை முன்கூட்டியே ஓடவிடுங்கள் என்று நான் நச்சரிப்பதற்குக் காரணம், மாந்தோப்பிலிருந்து மலையேறினால் வரும் காவலூர் வானாய்வகம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதற்காகக் காத்திருந்த வானியலாளர்கள் ஜே.சி. பட்டாச்சாரியாவும் கே. குப்புசாமியும் அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியில் எதிர்பாராத ஒரு மங்கலைப் பதிவு செய்தார்கள். முதலில் அதைப் புதிய துணைக்கோள் என்றே எண்ணினார்கள். அதே இரவு இந்தியப் பெருங்கடல் மேல் பறந்த நாசாவின் கைப்பர் விமான ஆய்வகம் கருவியைச் சீக்கிரமே ஓடவிட்டிருந்தது. கோள் மறைப்பதற்கு முன்னும் பின்னும் நட்சத்திரம் பலமுறை மங்கியிருந்தது. அவை யுரேனஸின் வளையங்கள்.

அதனால் கணிப்பு நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னும் பின்னும் பதிவு ஓடட்டும், விழாவிட்டாலும் கோப்பை அழிக்காமல் அனுப்புங்கள். வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கம் கேமராவும் ஜிபிஎஸ்ஸும் வைத்திருப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அடுத்ததற்கு இன்னும் இரண்டு இடத்தில் ஆள் வேண்டும்.