புழுத்துளை: தொண்டையில் தொடங்கினால் ஆரம் இருபுறமும் குறைகிறது, உதவி தேவை

பாளை மாணவி
நிலையான, கோளச் சமச்சீர் புழுத்துளையை (வெளியின் இரு பகுதிகளை இணைக்கும் குகைப்பாதை) பைத்தானில் தீர்க்கிறேன். மெட்ரிக் (தூரத்தைச் சொல்லும் சூத்திரம்; யூ ஆரத்திசை ஆயம், ஆர் கோளத்தின் ஆரம்): −ஏ டிடி² + டியூ²/ஏ + ஆர்² டிஒமேகா². மூலம் சாதாரண ஸ்கேலார் புலம் ஃபை (ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே ஓர் எண்). தொண்டையில், அதாவது ஆர் மிகச் சிறிதாக இருக்க வேண்டிய யூ = 0 இல் ஆர் = 1, ஆர்′ = 0, ஏ = 1 கொடுத்தால், ஃபை′ காணும் வர்க்கமூலத்தில் 'நேன்' (எண் அல்லாத விடை) வருகிறது; ′ என்பது யூ-வைப் பொறுத்த வகைக்கெழு. பெரிய நேர்க்குறிப் பொட்டென்ஷியல் வி சேர்த்ததும் அது போய்விட்டது. ஆனால் ஆர் இரண்டு பக்கமும் குறைந்துகொண்டே போகிறது. படிநீளத்தைப் பத்தில் ஒன்றாக்கியும் அதேதான். எங்கே கோளாறு, அண்ணாச்சி?

பேட்டை அண்ணாச்சி
நிரல்ல குறை இல்லம்மா, புலத்தின் குறியிலதான் இருக்கு. தொண்டையில் கட்டுப்பாட்டுச் சமன்பாடு இது:

எப்சிலான் × ஏ × ஃபை′²/2 = வி − 1/(கப்பா × ஆர்²)

எப்சிலான்ங்கறது புலத்தின் இயக்க ஆற்றலின் குறி, கப்பா ஈர்ப்பு மாறிலி. சாதாரண புலத்துக்கு எப்சிலான் = +1. வி = 0 என்றால் வலப்பக்கம் எதிர்க்குறி, அதான் நேன். வி பெருசானா நேன் மறையத்தான் செய்யும். ஆனா ஐன்ஸ்டைன் சமன்பாட்டின் யூயூ கூறிலிருந்து டிடி கூறைக் கழிச்சுப் பாருங்க:

ஆர்″ = −(எப்சிலான் × கப்பா/2) × ஆர் × ஃபை′²

வி அடிபட்டுப் போச்சுல்லா! எந்தப் பொட்டென்ஷியல் போட்டாலும் ஆர்″ நேர்க்குறி ஆகாது. உங்களுக்குக் கிடைச்சது ஆரத்தின் உச்சம், தொண்டை இல்ல.

எப்சிலான் = −1 (பாண்டம் புலம், இயக்க ஆற்றல் எதிர்க்குறியா உள்ளது), வி = 0, ஏ′ = 0, ஃபை′ = √(2/கப்பா) வச்சு ஓட்டுங்க. ஆர்² = யூ² + 1, ஃபை = √(2/கப்பா) × ஆர்க்டேன் யூ வரணும். 1973இல் எல்லிஸும் பிரான்னிகோவும் தனித்தனியாகக் கண்ட தீர்வு இது. தொண்டையில் கிரெட்ச்மன் (வெளியின் வளைவைச் சொல்லும் எண்) 12 வருதான்னும் பாருங்க.

பாளை மாணவி
12 சரியாக வந்துவிட்டது. ஆர் எங்கும் பூச்சியமாகாத கருந்துளையாவது சாதாரண புலத்தில் கிடைக்குமா?

கடையம் அக்கா
கிடைக்காது. அந்த ஆர்″ சமன்பாட்டில் ஏ இல்லை, அதனால் தொடுவானத்துக்கு (கருந்துளையின் எல்லை, ஏ = 0 ஆகும் இடம்) உள்ளேயும் அதே தடைதான். பொட்டென்ஷியலே இல்லாத சாதாரண புலம் என்றால் தொடுவானமே இருக்காது. ஃபிஷர் 1948இல் கண்ட தீர்வில் வெறும் ஒருமைப்புள்ளிதான் (வளைவு முடிவிலியாகும் இடம்) மிஞ்சுகிறது.

பாண்டமும் பொட்டென்ஷியலும் சேர்ந்தால் வழி உண்டு. 2006இல் பிரான்னிகோவும் ஃபாப்ரிசும் செய்தது. வி-யை முதலில் ஊகிக்க வேண்டாம். ஆர்² = யூ² + பி² (பி என்பது ஆர்-இன் மிகச் சிறிய மதிப்பு, எம் நிறை) என்று வைத்துக்கொண்டு,

ஆர்⁴ × (ஏ/ஆர்²)′ = 6எம் − 2யூ

என்பதை யூ மிகப் பெரிதாக இருக்கும் இடத்தில், ஏ → 1 என்று தொடங்கி உள்நோக்கித் தொகையிடுங்கள். வி கடைசியில் தானாக வரும். தொகையிடுவது ஏ/ஆர்² என்பதால் தொடுவானத்தில் பூச்சியத்தால் வகுக்க வேண்டிவராது. எம் > 0 என்றால் சீரான (ஒருமைப்புள்ளி இல்லாத) கருந்துளை, மறுபக்கம் விரியும் டி சிட்டர் வெளி. எம் = 0 எல்லிஸ்.

பேட்டை அண்ணாச்சி
அடுத்து காலப் பரிணாமம் ஓட்டினா கவனம். எல்லிஸ் தொண்டை நிலையற்றது. 2002இல் ஷின்காயும் ஹேவர்டும் காட்டினபடி, சாதாரண புலத் துடிப்பு கொஞ்சம் போனாலே கருந்துளையாகச் சுருங்கும், பாண்டம் கூடினா ஊதிப் பெருகும். கணக்கீட்டுப் பிழை ஒண்ணே அதைத் தூண்டப் போதும். அதனால தெரிஞ்ச அளவுல ஒரு துடிப்பை நீங்களே கொடுத்து, கட்டப்புள்ளிகளை இரட்டிச்சு ஒப்பிடுங்க.