அவசரம்: குறும்பட வசனத்தில் இரைச்சல், எடுத்தால் குரல் கெடுகிறது

குறும்படக்காரன்:
வணக்கம். படத்தில் வசனத்துக்குப் பின்னால் "ம்ம்ம்" என்று ஒரே சத்தம். நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் சத்தம் போகிறது, ஆனால் நாயகி தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் போட்டிக்கு அனுப்ப வேண்டும். யாராவது உதவுங்கள்.

மதுரைமைக்:
எந்த மென்பொருள்? என்ன மைக்? உள்ளே எடுத்ததா, வெளியிலா?

ஐம்பதுஹெர்ட்ஸ்:
"ம்ம்ம்" என்றால் கரண்ட் ஹம்தான், சந்தேகமே வேண்டாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 50, 100, 150 என்று வரிசையாக, அந்தந்த அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் போடுங்கள். லேப்டாப் சார்ஜரைச் சொருகியபடியே ரெக்கார்ட் செய்திருப்பீர்கள்.

டெசிபல்தாசன்:
இதே கேள்வி மாதாமாதம் வருகிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கமே போய்விட்டது போல. ஃபேனை அணைத்துவிட்டு எடுக்க வேண்டியதுதானே தம்பி?

குறும்படக்காரன்:
ஆடாசிட்டி. வீட்டு ஹால். ஃபேன் ஓடவில்லை சார். லேப்டாப்பே கிடையாது, மைக்கை நேராகக் கேமராவில் சொருகினோம்.

மதுரைமைக்:
ஃப்ரிட்ஜ்? கேமராவில் ஆடியோ லெவல் ஆட்டோவா? ப்ரொஃபைல், அதாவது மென்பொருளுக்குக் காட்டும் இரைச்சல் மாதிரி, எங்கிருந்து எடுத்தீர்கள், எத்தனை டெசிபல் குறைத்தீர்கள்?

குறும்படக்காரன்:
ஃப்ரிட்ஜ் பக்கத்து அறையில் ஓடியது. லெவல் ஆட்டோ. முதல் ஷாட்டில் கிளாப்புக்கு முன்னால் எடுத்த ப்ரொஃபைல்தான் எல்லா ஷாட்டுக்கும். 30 டெசிபல்.

மதுரைமைக்:
அப்படியென்றால் குரல் கெடாமல் என்ன செய்யும்? ஆட்டோ லெவல் பேச்சு நின்றதும் ஏற்றும், பேசினால் இறக்கும். அதனால் கிளாப்புக்கு முன் இருக்கும் இரைச்சலைவிட வசனத்துக்கு அடியில் இருப்பது குறைவு. அந்த அளவை வைத்து 30 டெசிபல் வெட்டினால் குரலும் சேர்ந்து அறுபடும்.
முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் போடுங்கள், பெண் குரல் என்றால் 100 வரைகூடப் போகலாம். பிறகு ஒவ்வொரு ஷாட்டிலும் வசனங்களுக்கு நடுவே இடைவெளி தேடித் தனித்தனி ப்ரொஃபைல். 6 முதல் 9 டெசிபல் போதும். மிச்ச இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும். அதே ஹாலின் ரூம் டோனை, அதாவது யாரும் பேசாதபோது அங்கே இருக்கும் சத்தத்தை, காட்சி முழுக்க அடியில் ஓட்டினால் வெட்டு தெரியாது.

ஐம்பதுஹெர்ட்ஸ்:
ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரும் கிட்டத்தட்ட கரண்ட் ஹம் மாதிரிதான்! சத்தத்தைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் பாருங்கள், படுக்கைக் கோடுகள் தெரியும்.

டப்பிங்பிரியன்:
எதற்கு இந்தப் பாடு? உட்கார்ந்து டப் செய்துவிடலாம். தமிழ் சினிமா அப்படித்தான் வளர்ந்தது.

டெசிபல்தாசன்:
வளர்ந்ததா? அந்தக் கால ஆரி 2சி ஃபிலிம் கேமரா போட்ட சத்தத்தில் வேறு வழியில்லாமல் ஒட்டிக்கொண்ட பழக்கம். இப்போதைய கேமராக்கள் வாயே திறப்பதில்லை.

டப்பிங்பிரியன்:
கேமரா திறக்காது. வேடிக்கை பார்க்க வரும் கூட்டம்? ஆடி மாதம் கோயில் தெருவில் சிங்க் சவுண்ட், அதாவது படப்பிடிப்பிலேயே வசனம், எடுத்துக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

டெசிபல்தாசன்:
ஆடியில் கோயில் தெருவில் ஷூட்டிங் வைப்பவருக்கு டப்பிங்கும் உதவாது.

மதுரைமைக்:
இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்களேன்.

குறும்படக்காரன்:
8 டெசிபல் வைத்து ஷாட் ஷாட்டாகச் செய்தேன், தண்ணீர் சத்தம் போய்விட்டது. ஒரு ஷாட் மட்டும் தேறவில்லை, அங்கே பின்னணி இசையை ஏற்றிவிட்டேன். அனுப்பியாயிற்று. நன்றி அண்ணா.

ஐம்பதுஹெர்ட்ஸ்:
கோடுகள் தெரிந்ததா இல்லையா?