‘கேஷ்’ என்னும் ஆங்கிலச் சொல் ‘காசு’ என்பதிலிருந்து வந்ததா?

கேள்வி:
எங்கள் பள்ளியின் தமிழ் மன்றச் சுவரில், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்களை எழுதவிருக்கிறோம். கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணி ஆகியவற்றில் எனக்கு ஐயமில்லை. ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்பதையும் சேர்க்கும்படி உடன் பணியாற்றும் ஆசிரியர் வற்புறுத்துகிறார். ஒலியும் பொருளும் ஒத்திருப்பதை மட்டும் நம்பி, மாணவர்கள் நாள்தோறும் பார்க்கும் சுவரில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஐயா, தாங்கள் தயங்கியது சரியே. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு ‘கேஷ்’கள் உள்ளன. இன்று எல்லோரும் வழங்குவது, பெட்டி என்று பொருள்படும் ‘காப்ஸா’ என்ற இலத்தீன் சொல்லில் தொடங்கி, இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’, பிரெஞ்சில் ‘கெஸ்’ என்று வழங்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. முதலில் பணப்பெட்டியைக் குறித்த சொல், பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கே பெயராயிற்று. ‘நன்றாகக் கல்லா கட்டினார்’ என்று நாம் பெட்டியைச் சொல்லி வருமானத்தைக் குறிக்கிறோம் அல்லவா, அது போன்றதே இதுவும்.

மற்றொரு ‘கேஷ்’ ஐயமின்றி நம்முடையது. நம் காசு, போர்த்துகீசியர் நாவில் ‘காய்ஷா’ என்றாகி, ஆங்கிலேயரிடம் சிறு செப்பு நாணயத்தின் பெயராகச் சேர்ந்தது. போர்த்துகீசியத்தில் பெட்டிக்கும் ‘காய்ஷா’ என்றே பெயர் என்பதால், இரு சொற்களும் அங்கேயே ஒன்றோடொன்று முட்டிக்கொண்டுவிட்டன. கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனியார்) காலச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்னும் பொன் நாணயம். நடுவில் சதுரத் துளையிட்ட சீனச் செப்பு நாணயத்தையும் ஐரோப்பியர் இதே பெயரால் அழைத்தனர்.

மறுமொழி 2:
சென்னை மாகாணத்துக்காக 1808இல் இங்கிலாந்தில் அச்சிடப்பட்ட 20 காசு நாணயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் கும்பினியின் சிங்கச் சின்னம். மறுபக்கத்தில் ‘பீஸ்த் காஸ் சஹார் ஃபலூஸ் அஸ்த்’, அதாவது ‘இருபது காசு நான்கு ஃபலூஸ் (செப்பு நாணயம்) ஆகும்’ என்று பாரசீக வரி. அதன் கீழே ஆங்கிலத்தில் ‘கேஷ்’. நம் சொல் ஒரே செம்புத் தகட்டில் இரண்டு அயல் எழுத்துகளில் நிற்பதைக் காணும்போதெல்லாம் நெகிழ்ந்துபோகிறேன். இத்தகைய நாணயங்களை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்டனர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது.

மறுமொழி 3:
காசு எப்போதும் செப்புச் சல்லியாக இருந்ததில்லை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். குறுந்தொகையின் 67ஆம் பாடலில், கிளி தன் வளைந்த அலகில் பற்றிய வேப்பம்பழம், புதிய நூலில் கோப்பதற்காகக் கூரிய நக நுனியில் பிடித்த பொற்காசைப் போலத் தோன்றுகிறது. நம் காசுமாலையும் தெலுங்கரின் ‘காசுல பேரு’வும் அந்தக் கோவையின் தொடர்ச்சி என்றே நான் எண்ணுகிறேன். ‘காசறு விரையே’ என்று கோவலன் கண்ணகியைப் பாராட்டும்போது வரும் காசு வேறு. அது குற்றத்தைக் குறிப்பது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ‘சென்னையில் வழங்கிய பழைய செப்பு நாணயத்தின் ஆங்கிலப் பெயர்’ என்ற விளக்கத்தோடு மட்டுமே ‘கேஷ்’ சுவரில் இடம்பெறும். நாணயத்தின் படத்தை அந்த நண்பர் இங்கே பதிவிட்டால், பாரசீக வரியையும் மாணவர்களைக் கொண்டு அருகில் வரையச் செய்வேன்.