கூரை மேல பனி லோடு: தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் அண்ணன்மாரே அக்காமாரே, துவாஸ்ல ஸ்டீல் டிராஃப்டரா இருக்கேன், இப்போ ஹொக்கைடோவுல ஒரு கிடங்குக்கு கூரை டிராயிங் வந்திருக்கு. நம்ம சிங்கப்பூர்ல மழைத்தண்ணி டவுன்பைப்ல ஓடிரும், பனி அப்படியே உக்காந்துடுது, ஜப்பான்ல பனி அதிகமா பெய்ற ஏரியாவுல 1 மீட்டர் உயரத்துக்கு சதுர மீட்டருக்கு சுமார் 300 கிலோன்னு கணக்கு போடுறாங்க, மேல மழையும் பெஞ்சா இன்னும் கனம். 2006 ஜனவரியில போலந்து கட்டோவிட்சேல கண்காட்சி கூடத்தோட கூரை பனியோட இடிஞ்சு 65 பேர் செத்தாங்க, அதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு தூக்கமே வரல.

என் சந்தேகம், உயரமான கூரைக்குப் பக்கத்துல தாழ்வான கூரை இருந்தா காத்து அடிச்சு அந்த மூலையில பனி குவியுமே, அங்க பர்லின் (கூரைத் தகட்டைத் தாங்குற குறுக்குச் சட்டம்) இடைவெளிய எவ்ளோ குறைக்கணும்? கூரையில ஒரு பக்கம் மட்டும் பனி நின்னா தனியா செக் பண்ணணுமா? இஞ்சினியர்கிட்ட கேக்கத்தான் போறேன், அதுக்கு முன்னாடி குளிர் நாட்டுல வேலை பாத்தவங்க யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.