சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி ஃபிளைட்: கணக்கு இடிக்குதே?

தேக்கா பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 68 வயசு, ஜூன்ல அக்காவைப் பார்க்க நியூயார்க் கூட்டிட்டுப் போறேன். தூரம் 15,349 கிலோமீட்டர்னு காட்டுது, மணிக்கு 900 கிலோமீட்டர்னு வச்சா 17 மணி நேரம்தானே வரணும், ஆனா 18 மணி நேரத்துக்கு மேல போட்டிருக்கு. அதைவிட, நடு ராத்திரி கிளம்பி விடியக்காலைல இறங்குதுன்னு பார்த்துட்டு அப்பா "ஆறு மணி நேரம்தானேம்மா"ங்கிறார். எப்படிப் புரியவைக்கிறது?

மேப் பிரியன்:
வீட்ல குளோப் இருந்தா சிங்கப்பூர்லயும் நியூயார்க்லயும் ஒரு நூலை இழுத்துப் பிடிச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட வட துருவத்தைத் தொட்டுட்டுப் போகும், அந்த நூலோட நீளம்தான் 15,349. ஆனா ஃபிளைட் அந்த வழியாத்தான் போகணும்னு இல்ல, பல நாள் ஜப்பான் பக்கம் ஏறி பசிபிக் மேல போவாங்க, ஏன்னா அந்த உயரத்துல ஜெட் ஸ்ட்ரீம்னு மேற்கேருந்து கிழக்கே ஓடுற பலமான காத்து இருக்கு, அது பின்னாலருந்து தள்ளும். தூரம் 16,000 தாண்டுறதாலதான் உங்க 17 மணி நேரக் கணக்கு இடிக்குது, ஆனாலும் காத்து தள்ளுறதால நேர் வழியைவிட நேரமும் எரிபொருளும் மிச்சம். திரும்பி வரும்போதும் பல நாள் அட்லாண்டிக், ஐரோப்பா மேல கிழக்காவே வருவாங்க, ஆக போயிட்டு வந்தா உலகத்தையே ஒரு சுத்து சுத்தின மாதிரி! எனக்கு இது எப்பவுமே பிரமிப்புதான்.

யீஷூன் வாசி:
ஜூன்ல ரெண்டு ஊருக்கும் சரியா 12 மணி நேர வித்தியாசம் சிஸ்டர். இங்க ராத்திரி 12க்குக் கிளம்பி 18 மணி நேரம் பறந்தா நம்ம ஊர்ல சாயங்காலம் 6, அங்க அதே நாள் காலை 6. அப்பாவோட முள்ளு வாட்சைத் திருப்பவே வேண்டாம், அதைக் காட்டினாலே புரிஞ்சுக்குவார். நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும்னா 13 மணி நேரம்.

நர்ஸ் அக்கா:
தங்கச்சி, கிலோமீட்டரை விடும்மா, அப்பா எவ்வளவு நேரம் உக்காரணும்னு பாரு. என் அம்மாவை இதே ஃபிளைட்ல கூட்டிட்டுப் போனப்ப தூங்கட்டும்னு எழுப்பாம விட்டுட்டேன், இறங்குறப்ப கால் வீங்கி செருப்புக்குள்ள நுழையவே இல்ல, எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஐல் சீட் போடு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை நடக்க வை, தண்ணி அடிக்கடி குடுக்கணும். பிரஷர், சுகர் மாத்திரை எந்த நேரத்துக்குப் போடணும்னு முன்னாடியே டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கோ, மாத்திரையை கைப்பையில வை. இன்னொண்ணு, நேரடியா போற ஏ350 யுஎல்ஆர்ல (ரொம்ப தூரம் நிக்காம பறக்குறதுக்குன்னே செஞ்ச ஏர்பஸ் விமானம்) மொத்தமே 161 சீட், எகானமி கிடையாது, பிரீமியம் எகானமிலேருந்துதான் ஆரம்பம். காசு இடிச்சா ஃப்ராங்க்ஃபர்ட் வழியா போறதைப் பாரு, மொத்த நேரம் கூடும், ஆனா நடுவுல இறங்கி நடக்கலாம்.

தேக்கா பொண்ணு:
ரொம்ப நன்றி அக்கா, எல்லாருக்கும்தான். அப்பாவுக்கு மூட்டு வலி வேற, அதனால ஃப்ராங்க்ஃபர்ட் வழியாவே போட்டுடலாம்னு இருக்கோம். பையனோட குளோப்ல நூல் வச்சுக் காட்டினேன், "துருவத்துக்கிட்டயா போகுது?"ன்னு கண்ணாடியை மாட்டிட்டு ரொம்ப நேரம் அந்த நூலையே பார்த்துட்டு இருந்தார்.