இரண்டரை ஏக்கர் பாரம்பரிய நெல்லுக்கு ஏற்ற சிறு அறுவடை இயந்திரம்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலம் பக்கம், இரண்டரை ஏக்கரில் மாப்பிள்ளைச் சம்பாவும் தூயமல்லியும் பயிரிடுகிறோம். தை மாதத்தில் சுற்றுவட்டாரம் முழுவதும் ஒரே சமயத்தில் கதிர் முற்றிவிடுவதால், பெல்ட் வண்டி (பெல்ட்டில் ஓடும் பெரிய அறுவடை இயந்திரம்) பெரிய வயல்களை முடித்துவிட்டுத்தான் எங்களிடம் வருகிறது. அதற்குள் ஆளுயரம் வளர்ந்த மாப்பிள்ளைச் சம்பா சாய்ந்து, மணிகள் உதிரத் தொடங்கிவிடுகின்றன. வண்டி வந்தாலும், துண்டு வயல்களில் அது திரும்பும் இடத்தில் வரப்பு சரிகிறது. வைக்கோல் நைந்துபோவதால் மாடுகள் பாதியைக் கழித்துவிடுகின்றன. கறவை மாடுகளை நம்பியிருக்கும் வீட்டில் இது சிறிய இழப்பன்று.

ஆகவே, பயிரை அறுத்து மட்டும் போடும், பின்னால் நடந்து ஓட்டும் ரீப்பரையோ, அறுத்துக் கட்டாகக் கட்டிப் போடும் ரீப்பர் பைண்டரையோ வாங்கி, கதிரடிக்கும் இயந்திரத்தை மட்டும் வாடகைக்கு எடுக்க எண்ணுகிறோம். சிறு, குறு விவசாயிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக 50 சதவீதம் வரை மானியம் உண்டு என்றாலும், முழு விலையில் எஞ்சும் பங்கே எங்களுக்குப் பெரிய தொகை என்பதால், பழைய இயந்திரம் வாங்குவதையும் யோசிக்கிறோம்.

இவற்றைப் பயன்படுத்தியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: உயரமான பயிர் ஓரளவு சாய்ந்திருந்தால் ரீப்பர் அறுக்குமா, ஈரம் காயாத களிமண்ணில் சக்கரம் புதைகிறதா? பைண்டரில் முடிச்சுப் போடும் பகுதி பழுதானால் உதிரி பாகம் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ கிடைக்கிறதா? பழையதை வாங்குவதானால் வெட்டும் கத்திகளையும் எஞ்சினையும் தவிர வேறு எதை அவசியம் சோதிக்க வேண்டும்? பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து வாங்கியவர்கள், அறுவடை முறையையும் பழுதுச் செலவையும் எப்படிப் பங்கிட்டுக்கொண்டீர்கள் என்பதையும் எழுதினால் பேருதவியாக இருக்கும்.